ஈரத் தலைக்குச் சாப்பாடு கிடையாது

எங்கள் கடலோர ஊரான பெனிஷில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பது பாதிரியார் அல்ல, கடல். மாப்பிள்ளை அலைச்சறுக்குக்காரன் என்றால் அலை இல்லாத நாளாகப் பார்த்து வைக்க வேண்டும். எனக்கு வாய்த்த டெல்மோ அதில் முற்றிய கேஸ். முதல் தடவை, அக்டோபரில், 'ஒரே ஒரு அலை' என்று போனவன் திரும்புவதற்குள் பாதிரியார் பக்கத்து ஊர் சாவுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டாம் தடவை, கல்யாணத்தன்று காலையில் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"இன்னொரு தடவை லேட்டா வந்தான்னா கல்யாணமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஊர்ல தலைகாட்ட முடியல" என்றார் அப்பா. மத்திப் படகு ஓட்டி ஓய்ந்தவர், சொன்னால் செய்வார். எனக்கும் வெறுத்துத்தான் போயிருந்தது. ஆனால் அவனை விட மனசு வரவில்லை, என்ன செய்ய?

மூன்றாவது நாளை டெல்மோவே குறித்தான். "ஆகஸ்ட் கடைசி. வடக்கே புயலே இருக்காது. புயல் இல்லாம அலை எங்கேர்ந்து வரும்? கடல் குளம் மாதிரி கிடக்கும் பாரு."

முந்தின நாள் கடல் அறிக்கையைப் பார்த்துச் சிரித்தான். "ஒரு மீட்டர்தான். குழந்தைங்க குளிக்கலாம்."

"உயரம் கிடக்கட்டும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எவ்வளவு நேரம்?"

தொண்டையைச் செருமினான். "பதினெட்டு வினாடி."

"அடப்பாவி!"

இவனோடு பழகியதில் இந்தக் கணக்கு எனக்கும் அத்துப்படி. உள்ளூர்க் காற்று கிளப்பும் அலைகள் நெருக்கி நெருக்கி வரும். சத்தம்தான், சரக்கு இருக்காது. பதினெட்டு வினாடி என்றால் சமுத்திரத்தின் அந்தக் கோடியில் சுழன்ற புயல் அனுப்பியது. ஆழ்கடலில் அது போவதே தெரியாது, ஆனால் அதன் அசைவு வெகு ஆழம் வரை இறங்கியிருக்கும். கரையோரப் பாறையில் அடி உரசியதும் முன்பக்கம் தயங்கும், பின்பக்கம் நெருக்கும், ஒரு மீட்டர் அலை ஆளுயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும்.

டெல்மோ வீட்டிலிருந்த எல்லாச் சறுக்குப் பலகைகளையும் வேனுக்குள் பூட்டி, சாவியை என் கையில் திணித்தான். "இலிடியா, நீயே வச்சுக்கோ. கேட்டாலும் குடுக்காத. அழுதாலும் குடுக்காத."

அவன் கூட்டாளிகளையும் நான் விடவில்லை. ஒவ்வொருவனுக்கும் போன் போட்டேன். "காலையிலயே எல்லாரும் கோயில்ல இருக்கணும். ஈரத் தலையோட எவன் வந்தாலும் சாப்பாடு கிடையாது!" மீன்குழம்பு வைப்பது அப்பா என்பதால் அத்தனை பேரும் அடங்கினார்கள்.

இருந்தும் சந்தேகம் விடவில்லை. கல்யாணத்தன்று காலை, தலை அலங்காரத்துக்குப் போகும் வழியில் வேனைக் குன்றோரம் நிறுத்தி எட்டிப் பார்த்தேன். காற்று துளி இல்லை. அலைகள் கசங்காமல் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. டெல்மோ இல்லை. ஓர் ஈ காக்கை இல்லை. இவ்வளவு நல்ல அலையை ஆளில்லாமல் நான் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை. எல்லோரையும்தான் நானே மிரட்டிக் கோயிலில் அடைத்துவிட்டேனே!

வேனுக்குள் என் பலகையும் இருந்தது.

ஒரே ஒரு அலை என்றுதான் இறங்கினேன், சத்தியமாக. ஆனால் தூரத்து அலைகள் கூட்டம் கூட்டமாகத்தான் வரும். ஒரு கூட்டம் போய்விட்டால் கடல் வெகுநேரம் சும்மா கிடக்கும். முதல் கூட்டத்தைக் கோட்டைவிட்டேன். காத்திருந்தேன். அடுத்ததில் வந்தது பாருங்கள் ஒன்று, அதை எப்படிச் சொல்வேன்! அதற்குப் பிறகு இன்னொன்று வேண்டாம் என்று எந்த மனுஷி கரையேறுவாள்?

குன்றின் மேல் அப்பாவின் கார் ஹார்ன் அலறியது.

"அடியே! மாப்பிள்ள கோட்டு சூட்டோட வேர்த்துக் கொட்டி நிக்கிறான்! லேட்டா வந்தா கல்யாணம் இல்லன்னு அவனத்தானே சொன்னேன், இப்ப உன்ன என்ன பண்றது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவசரமாக வெள்ளைக் கவுனை மாட்டிக்கொண்டு, முடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் நடந்தேன். டெல்மோ போய்விட்டிருப்பானோ என்று கண்ணால் துழாவினேன். அங்கேயே நின்றிருந்தான். என் தலையைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. பாதிரியார் அதைப் பாசம் என்று நினைத்துத் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"நல்லா இருந்துச்சா?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாய மூடிட்டு சம்மதம்னு சொல்லு."

சொன்னான்.

விருந்தில் அப்பா என் முன்னாலிருந்த தட்டைத் தூக்கிவிட்டார். "ஈரத் தலைக்குச் சாப்பாடு கிடையாது. நீ போட்ட சட்டம்தான்." கூட்டாளிகள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். எனக்கோ உயிர் போகிற பசி.

டெல்மோ தன் தட்டை நடுவில் நகர்த்தினான். "இந்தா, பாதி உனக்கு. ஆனா அந்த அலைய முதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம."