யானைப் பலகைக்கு அருகே

லோகேஸ்வரனுக்கு மனைவியைப் பயமுறுத்திப் பார்ப்பதில் ஒரு ருசி உண்டு. ஈப்போ வீட்டில் கஸ்தூரி குளிக்கப் போனால் வெளியே தாழ்ப்பாள் போட்டு விளக்கை அணைத்துவிடுவான். அவள் கத்துவாள். அவன் சிரிப்பான். மகள் லோஷினிக்குப் பதினான்கு வயது. இப்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

பள்ளி விடுமுறையில் மூவரும் ஜொகூர் பார்க்க வந்திருந்தார்கள். ஆற்றோரத்துப் பழைய கோட்டை, பள்ளிவாசல், கண்ணாடிக் கோயில் எல்லாம் முதல் நாளே முடிந்தன. மறுநாள் படகுச் சவாரிக்காகக் காட்டுப் பூங்காவுக்கு, தெப்ராவைச் சேர்ந்த நாசர் தன் வேனில் அழைத்துப் போனான்.

குளுவாங்கைத் தாண்டியதும் செம்பனைத் தோட்டங்கள், பிறகு காடு. ஓரிடத்தில் யானைப் படம் போட்ட மஞ்சள் பலகை நின்றது.

"பகல்லயே ரோட்டுக்கு வரும்ணே. போன மாசம்கூட ஒரு காரை மிதிச்சிருச்சு" என்றான் நாசர்.

லோகேஸ்வரன் வேனை நிறுத்தச் சொன்னான். "கஸ்தூரி, அந்தப் பலகை கிட்ட போய் நில்லு. போட்டோ எடுக்கலாம்."

"வேணாங்க, பயமா இருக்கு."

"அலமாக்! யானை உனக்காகவா காத்துக்கிட்டு இருக்கு? போ லா."

கைப்பையை இருக்கையிலேயே விட்டு அவள் இறங்கினாள். பலகையை அடைவதற்குள் லோகேஸ்வரன் கதவை இழுத்துச் சாத்தினான். "நாசர், எடு வண்டிய."

"அண்ணே, அக்கா..."

"அந்த வளைவு வரைக்கும்தான். சும்மா ஜோக்கு. ஓட்டு."

நாசர் ஓட்டினான். லோஷினி பின் கண்ணாடி வழியாகக் கைப்பேசியில் படம் பிடித்தாள். கஸ்தூரி கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

"அம்மா ஓடுறத பாருங்கப்பா!"

லோகேஸ்வரன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். நாசரும் கொஞ்சம் சிரித்துவைத்தான்.

வளைவு வந்ததும் நாசர் திருப்பப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் போ" என்றான் லோகேஸ்வரன். கடைசியில் திரும்பி வந்தபோது, வளைவிலேயே ஒரு யானைக் கூட்டம் குட்டியோடு சாலையை அடைத்து நின்றது. நாசர் இன்ஜினை அணைத்தான். யானைகள் அசையவில்லை.

"அம்மா அந்தப் பக்கம்தானேப்பா இருக்காங்க?"

வெகுநேரம் கழித்து யானைகள் காட்டுக்குள் இறங்கின. பலகையருகே கஸ்தூரி இல்லை. செருப்பு மட்டும் தார்ச்சாலையில் கிடந்தது. லோஷினி அழத் தொடங்கினாள். "வாயை மூடு" என்றான் லோகேஸ்வரன்.

வந்த வழியே தேடிக்கொண்டு போனபோது, ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கடைக்கார ஆரிஃபா அவள் முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நிக்க வச்ச இடத்துல நிக்கத் தெரியாதா? எவன் வண்டியில ஏறி வந்த?" என்று லோகேஸ்வரன் எல்லோர் முன்னாலும் கத்தினான்.

தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் காளியப்பன் நிமிர்ந்தார். "என் லாரியிலதான். தோட்டத்துலேருந்து பழம் ஏத்திட்டு வந்தேன். நடு ரோட்டுல விழுந்து கெடந்தாங்க. வேற வண்டி அவங்க மேல ஏறியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

லோகேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாசர் மெல்ல அருகே வந்தான். "மன்னிச்சிருங்கக்கா. அண்ணன்தான் எடுக்கச் சொன்னாரு."

"ஓட்டுனது நீங்கதானே தம்பி?"

லோஷினி அம்மாவின் கையைப் பிடித்தாள். "அப்பா சும்மா வெளையாடுனாரும்மா. வாங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"நான் ஓடி வந்தப்ப நீ சிரிச்சியா?"

லோஷினி தரையைப் பார்த்தாள். "எல்லாரும்தான் சிரிச்சாங்க."

கஸ்தூரி நொண்டிக்கொண்டே போய் வேனிலிருந்து கைப்பையை எடுத்தாள். "நான் லாயாங் லாயாங்ல மலர் சித்தி வீட்டுக்குப் போறேன். லோஷினி, நீ என்கூட வர்றியா?"

"போகட்டும் விடு. ரெண்டு நாள்ல தானா வருவா" என்றான் லோகேஸ்வரன். "நமக்கு படகுக்கு நேரமாச்சு."

அந்தப் படகுச் சவாரிக்காக லோஷினி எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வேனில் ஏறிக்கொண்டாள்.

கஸ்தூரி தங்கை மலரைக் கைப்பேசியில் அழைத்தாள். விழுந்துவிட்டேன், காலில் அடி, வந்து கூட்டிப் போ என்று மட்டும் சொன்னாள்.

"இப்பவே கிளம்புறேன்கா. லோஷினிக்கு நண்டு செய்யட்டுமா? அவளுக்குப் புடிக்குமே?"

"வேணாம். அவ வரல" என்றாள் கஸ்தூரி.