எழுதிய அளவும் சொன்ன அளவும்

"சர்டிபிகேட் எழுத டாக்டர் வந்துட்டாரு. அப்பாவோட பிரஷர் நோட்டு இருக்கான்னு பாரு" என்று அண்ணன் குரல் கொடுத்தபோது, அவள் மேசை இழுப்பறைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மதியம் தலை சுற்றி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்து கதவை உடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நோட்டு கிடைத்தது. அப்பா முப்பது வருடம் கடைத் தராசுகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஒரு கிராம் குறைந்தாலும் கடைக்காரரை லேசில் விடமாட்டார். அந்தக் கறார் நோட்டிலும் இருந்தது. 'ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பின். இடது கை. காலை 7.00: 124/78. 7.05: 122/76.'

அவளுக்குப் புரியவில்லை. தினமும் ஏழரைக்கு அவள் போன் செய்யும்போது நூற்று அறுபது, நூற்று அறுபத்தைந்து என்றல்லவா சொல்வார்? பக்கம் பக்கமாகப் புரட்டினாள். புரட்டிய வரை எங்குமே நூற்று முப்பதைத் தாண்டவில்லை.

டாக்டரைப் போனிலேயே நச்சரித்து, இரண்டு முறை மாத்திரையைக் கூட்ட வைத்தவள் அவள்தான். இல்லாத பிரஷருக்கு மாத்திரை போட்டால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? ஐயோ, நானே கொன்றுவிட்டேனா?

இழுப்பறையை அப்படியே கவிழ்த்தாள். புதிதாக வாங்கிய மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டபடி விழுந்தன. ஒன்றைக்கூடப் பிதுக்கவில்லை. பழைய மாத்திரையை மட்டும் நாள் தவறாமல் போட்டிருக்கிறார். அவளுக்கு மூச்சு வந்தது.

அண்ணன் உள்ளே வந்தான். "என்ன இப்படி முழிக்கற?"

"அப்பா எங்கிட்ட பொய் சொல்லியிருக்காருண்ணா. நோட்டுல எல்லாமே நார்மல்."

"அப்பாவா? அளவுல பொய்யா? போடி. அவரு எதுக்குப் பொய் சொல்லணும்?"

எதற்கென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நூற்று இருபது என்றால், "சூப்பர்ப்பா, வெச்சுடறேன்" என்று ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். நூற்று அறுபது என்றால் விடமாட்டாள். உப்பு அதிகமா, சரியாகத் தூங்கவில்லையா என்று அரை மணி நேரம் குடைவாள், திட்டுவாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் அம்மாவைப் பற்றி ஏதாவது பேச்செடுப்பார். அம்மா போனபின் இந்த வீட்டில் அவரோடு பேச வேறு யார் இருந்தார்கள்? எழுதும்போது மட்டும் அவருக்குப் பொய் வரவில்லை.

"நோட்டக் குடு. டாக்டர் வெயிட் பண்றாரு."

"இருண்ணா. கடைசிப் பக்கம் பாத்துட்டுத் தரேன்."

நேற்றைய தேதி. 7.00: 194/112. 7.10: 198/114. 7.20: 198/116. எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

நேற்று ஏழரைக்கு அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். முனையில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"பஸ் வந்துடுச்சுப்பா. எவ்வளவுன்னு மட்டும் சீக்கிரம் சொல்லு."

போனில் நோட்டை மூடும் சத்தம் கேட்டது.

"நூத்தி இருபதுதாம்மா. நீ பாத்து ஏறு."

பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது.