மீதி இருநூற்று எண்பது மீட்டர்

லென்ஸ்காரர் தன் வீட்டு வாசலிலிருந்து பின்னறையில் இருந்த மனைவியிடம் போய்ச் சேர, அந்த வருஷம் ஐந்து மணி நேரம் ஓட வேண்டியிருந்தது. அதே தூரத்தை அவருடைய அக்கா, கையில் காய்கறிப் பையோடு, பன்னிரண்டு எட்டில் நடந்து முடித்தாள். வரவழைக்கப்பட்ட கொத்தனார் நாடாவை நீட்டிப் பார்த்துவிட்டு வாசலிலிருந்து பின்சுவர் வரை நாற்பத்திரண்டு அடி என்றார். சுவரில் விரிசல் இல்லை, கொஞ்சம் ஈரம் மட்டும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே வீட்டின் மேல் பழி போட யாருக்கும் வழியில்லை.

அவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்கட்டில் இருபத்திரண்டு வருஷமாக லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர். வயது நாற்பத்து நான்கில் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நான்கு இடத்தில் சிவப்பு மை விழுந்தது. கடைக்கு மேல்மாடியில் இருந்த பல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சார், நாளைக்குக் காலையில எங்ககூட ஓட வாங்க" என்று கூப்பிட்டார். முதல் நாள் இரண்டாவது விளக்குக் கம்பத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வாந்தி எடுத்தார். தெரு நாய்கூட எழுந்து பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் ஐந்து கிலோமீட்டர், ஒரு வருஷத்தில் பத்து, அடுத்த வருஷம் இருபத்தொன்று. கால் பெருவிரல் நகங்கள் கறுத்து விழுந்தன, தொப்பையும் விழுந்தது. பந்தயத்தில் கொடுத்த பதக்கத்தை அலமாரிக் கைப்பிடியில் மாட்டி, கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கிணுங்குவதை ரசித்தார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் ஆளே மாறிப் போனார். யார் யாருக்கோ தூரத்தைத் தெரிய வைத்தே வயசானவருக்கு, அந்தத் தூரத்துக்குத் தன் காலாலேயே போய் வரலாம் என்று தெரிந்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் மனைவிக்கும் அதில் சந்தோஷம்தான்.

வினை வேறு இடத்தில் இருந்தது. ஓடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓடி முடித்து வீட்டு வாசலுக்கு வரும்போது கைக்கடிகாரம் ஒன்பது புள்ளி ஏழு இரண்டு என்று காட்டினால், அவர்கள் நிற்க மாட்டார்கள். வாசலைத் தாண்டி ஓடி, தெருமுனையில் திரும்பி, மறுபடி தாண்டி, பத்து என்று வந்த பிறகுதான் நிற்பார்கள். அந்த மீதி இருநூற்று எண்பது மீட்டரை விட்டுவிட்டால் உலகம் கவிழ்ந்துவிடும் போல. "ஒன்பதே முக்கால்னு குரூப்புல போட்டா மானம் போயிடும் சார்" என்பார் பல் டாக்டர். லென்ஸ்காரர் முதன்முதலில் வாசலைத் தாண்டியது வெறும் பத்து மீட்டருக்கு. அவர் காலடி கேட்டுக் கதவைத் திறந்து, துண்டோடு நின்ற மனைவியிடம், "ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். அன்று குளித்துவிட்டுப் பின்னறைக்கு நடந்தபோது நடைவழி கொஞ்சம் நீளமாக இருந்தது. கால் வலி என்று நினைத்துக்கொண்டார்.

அவள் பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். வெளிச்சம் நன்றாக விழும் என்று பின்னறை மேஜையில் உட்கார்ந்துதான் வேலை. ஒரு கால் எழுத்து கூடியிருந்தாலும் கண்ணில் உறுத்தும் அவளுக்கு, தன் வீட்டில் தூரம் கூடியது தெரியாமல் போகுமா? முன்னறையில் இருந்த அவருக்குக் கொண்டுபோன டீ போகிற வழியில் ஆறிவிட்டது. ஒரு வாரம் கழித்து ஆடை கட்டியது. அவர் இல்லாதபோது வீடு வீடாகத்தான் இருந்தது, வாசலுக்கும் அறைக்கும் அவள் சாதாரணமாகப் போய் வந்தாள். அவர் உள்ளே கால் வைத்தால் மட்டும் நடைவழி நீண்டது. அவர் கடிகாரத்தில் கூட்டிக்கொண்ட மீட்டரையும், தான் வைத்த எட்டுகளையும் ஒரு மாதம் பழைய அச்சுத்தாளின் ஓரத்தில் குறித்து வந்தாள். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒத்துப் போயின.

"ஏங்க, நீங்க வாசலைத் தாண்டி ஓடுற தூரம் எல்லாம் உள்ள வந்து படுத்துக்குது. நான் எங்கேயும் போகல, நீங்கதான் என்னைத் தள்ளி வைக்கிறீங்க. ஒன்பதே முக்கால்னா ஒன்பதே முக்கால். வாசல் வந்தா நில்லுங்களேன், யாரு அடிக்கப் போறா?"

தாள் ஓரத்து எண்களை அவர் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தார். இனிமேல் இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஏழு வாரம் சொன்ன சொல் தவறவில்லை. அதற்குள் மூன்று கிலோமீட்டர் ஆகியிருந்த நடைவழி மேற்கொண்டு நீளவில்லை, குறையவும் இல்லை. பிறகு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார். வாரம் ஐந்து நாள் பயிற்சி. இருபத்தொன்பது புள்ளி ஆறு என்று காட்டும் கடிகாரத்தோடு வாசலில் நிற்பது, சொறியக் கூடாத இடத்தில் அரிப்பதைப் போல இருந்தது அவருக்கு. அவள் குளிக்கும் நேரம் பார்த்துத் தாண்டினார். ஷூவைக் கழற்றுவது போல நடித்துவிட்டுத் தாண்டினார். அவளிடம் மறைக்கலாம், நடைவழியிடம் மறைக்க முடியுமா? அது நாளுக்கு நாள் சேர்த்துக்கொண்டே போனது. முதலில் அவள் முகம் தெரியாமல் போனது, பிறகு புடவை நிறம். கடைசியில் பின்னறை வெளிச்சம் ஒரு கடுகளவுக்கு மினுங்கியது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு போனில் பேசினார்கள். தெருவில் சந்தித்துப் பார்க்கலாம் என்று போனார்கள். எதிர்ப்பக்கம் அவள் நின்றதும் சாலை அகன்றுகொண்டே போனது. அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்குப் பன்னிரண்டு எட்டு. உனக்கு மட்டும்தான்டா தூரம். நீயா இழுத்து விட்டுக்கிட்டது" என்றாள்.

பந்தயத்தை நான்கு மணி ஐம்பது நிமிஷத்தில் முடித்தார். இரண்டாவது பதக்கமும் அலமாரியில் கிணுங்கியது. அந்த வாரம்தான் அவள் வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். அறுத்தெடுக்க வேண்டும், பிழைப்பாள் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார்கள். நாள் குறித்தார்கள்; மாலை நான்கு மணிக்கு வண்டி வரும். அவள் போனில் அழவில்லை. "எனக்குப் பயமா இருக்குங்க. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். வந்துவிடுகிறேன் என்றார். நடைவழி அதற்குள் ஏறக்குறைய நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஆகியிருந்தது; அது அவருக்குப் புதிதா என்ன? அதற்காகத்தானே இத்தனை நாள் பழகினோம் என்றுகூட ஒரு கணம் நினைத்துக்கொண்டார், பாவம்.

காலை ஒன்பதுக்கு ஷூ நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு, கடிகாரப் பொத்தானை அழுத்தி, வாசலிலிருந்து உள்ளே ஓட ஆரம்பித்தார். சுவரில் அதே சுண்ணாம்பு, தரையில் அதே சிவப்புச் சிமெண்ட். பத்தாவது கிலோமீட்டரில் நாட்காட்டி மாட்டிய ஆணியும், இருபதாவதில் மின்விசிறி சுவிட்சும் வந்தன. அதற்குப் பிறகு சுவரில் எதுவும் இல்லை. முப்பதாவதில் தொடை இறுகிப்போனது, அவர் நிற்கவில்லை. முப்பத்தெட்டில் கடுகு மிளகானது. நாற்பதில் கதவு நிலை தெரிந்தது, அதில் அவள் நிற்பது தெரிந்தது. தலை வாரி, மருத்துவமனைப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள். பக்கத்தில் அக்கா தண்ணீர் டம்ளரோடு நின்றாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தார். இளைத்திருந்தாள். கையை நீட்டினார், நீட்டிய கை இடது கை, அதில்தான் கடிகாரம் இருந்தது. நாற்பத்தொன்று புள்ளி எட்டு ஆறு என்று காட்டியது.

"ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்றது அவர் வாய்.

அவளுடைய விரல் நுனிக்கும் அவர் சட்டைக்கும் நடுவில் காற்று மட்டும் போனது. அவளைத் தாண்டி ஓடினார். சுவர் இருந்த இடத்தில் நடைவழி அவருக்கு வழிவிட்டது. "டேய்!" என்று அக்கா போட்ட சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தவர் கண்ணில் நீர் வழிந்ததாகவும், கால் நிற்கவில்லை என்றும் அக்கா பிறகு சொன்னாள். நான்கு மணிக்கு வண்டி வந்தது. அக்காதான் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அவள் பிழைத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்து, பன்னிரண்டு எட்டில் பின்னறைக்கு நடந்து, மேஜையில் உட்கார்ந்தாள். கண்ணாடிக் கடையில் வேறொருவரை வேலைக்கு வைத்துவிட்டார்கள். பல் டாக்டரின் குரூப்பில் லென்ஸ்காரருடைய தூரம் இன்றைக்கும் தினமும் பதிவாகிறது, முழு எண்ணாக இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை. நடைவழியில் ஓடிக்கொண்டே இருக்கிறவர் சுற்றி வந்து பின்னறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் கடிகாரத்தில் எப்படியும் பத்து மீட்டராவது குறைகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் காலடிச் சத்தம் கேட்டால் காலை மடக்கி வழிவிட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார்கள். கதவு ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்திருக்கிறாள். முதலில் கொஞ்ச நாள் கையையும் நீட்டிப் பார்த்தாள். இப்போது "ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்று குரல் கடந்து போனால், தாளிலிருந்து தலை தூக்காமல், "சரிங்க" என்கிறாள். டம்ளர் காலியாக இருந்தால் எழுந்து போய் நிரப்பி வைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி படிக்கிறாள்.