காலியாகாத பாட்டில்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, விளக்கக் கடிதமாகப் பிறந்தது. வங்கதேசத்தின் சட்டோகிராமில் மருத்துவச்சிப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நுண்ணுயிரியலும் நோய்க்குறியியலும் நடத்துகிறவள் நான். "நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதி நாலு மணிக்குள் கொடுங்கள்" என்றார் முதல்வர். எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வரியிலேயே கடிதம் என் கையை உதறிவிட்டு ஓடிவிட்டது. நான் காதுன்கஞ்ச் மண்டியில் வளர்ந்தவள். அங்கே ஒரு கிலோ மஞ்சள் விற்கவே அரை மணி நேரம் பேசுவார்கள். ஒரு பக்கமாம்!

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனாலும்…" (வேண்டாம். பாடப்புத்தகம் இப்படித்தான் தொடங்கித் தூங்கவைக்கிறது.)

"அன்று காலை மழை…" (இந்த ஊரில் மழை ஒரு செய்தியா?)

"ஒரே வாரத்தில் மூன்று தாய்மார்களுக்குத் தையல் போட்ட இடத்தில் பச்சையாகச் சீழ் வைத்தது."

இதுதான். இந்தச் சரக்குக்கு விளம்பரம் தேவையில்லை.

2

அந்த வாரம் பிரசவ வார்டில் புண் துடைக்கும் முறை பாருலுடையது. இரண்டாம் ஆண்டு மாணவி. சந்த்வீப் தீவுக்காரி. அங்கே பிரசவம் சிக்கலானால் அக்கரைக்குப் படகு வேண்டும், படகுக்கு அலை இறங்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் அக்காவைப் பறிகொடுத்துவிட்டுப் படிக்க வந்தவள். அவளுடைய கண்களில்

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். நான் அவள் கண்களைப் பார்க்கவில்லை, நகங்களைத்தான் பார்த்தேன். ஒட்ட வெட்டியிருந்தாள்.)

தலைமைச் செவிலியர் நிபேதிதா பருவா வகுப்புக்குள்ளேயே வந்து நின்றார். மாணவிகளுக்கு அவர் திதி, நான் ஆபா; இரண்டுமே அக்காதான்.

"மெஹெருன் ஆபா, உங்க செல்லத்தோட கையிலதான் கோளாறு. மூணு பேரையும் துடைச்சது இவதான். பரீட்சைக்கு உக்கார வேணாம், மூட்டையக் கட்டச் சொல்லுங்க."

"கையைப் பரிசோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க திதி."

"கோழிக்குஞ்சுப் பொட்டிய வச்சிக்கிட்டா?"

கிண்டலில் நியாயம் உண்டு. கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டி எங்களிடம் இல்லை. குஞ்சு பொரிக்கும் பெட்டியில் பல்பு போட்டு வைத்திருக்கிறோம். கிருமிக்கு மெத்தை, மாட்டிறைச்சிச் சாறும் பலூடாவுக்குப் போடுகிற கடற்பாசியும்.*

* கடற்பாசிக் கடைக்காரர், "இவ்ளோ பலூடா யாருக்கு ஆபா, கல்யாணமா?" என்று கேட்டார். "கிருமிக்கு விருந்து" என்றேன். விலையைக் குறைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

3

இனி வேகமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நினைத்தாலே எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

இருபத்துமூன்று தட்டுகள், இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று. கழுவாத விரல் ஒரு பாதியில், கழுவிய விரல் மறு பாதியில். கடைசியில் ஒரு தட்டு மிஞ்சியது. பாருல் புண் துடைக்கிற கிருமிநாசினி பாட்டிலை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டாள். "இதுல எதுவும் முளைக்காது ஆபா. சுத்தம்னா எப்பிடி இருக்கும்னு காட்ட ஒண்ணு வேணும்ல?"

இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தோம். திதியும் இருந்தார்.

"ஆபா, என் தட்டைப் பாருங்க, வரப்போற மாமியார் மூஞ்சியே தெரியுது!" என்று கத்தினாள் ஜாகியா.

"உன் விரல்ல இருந்துதானேடி வந்தா, நல்லா வளத்து வை!" என்றேன்.

பாருலின் கழுவிய பாதியில் இரண்டே புள்ளிகள். வகுப்பிலேயே சுத்தமான கை. நான் கைதட்டப் போனேன், ஜாகியா மூக்கைச் சுளித்தாள்.

"இதென்ன, திராட்சை வாசனை அடிக்குது?"

கடைசித் தட்டு. சுத்தத்தின் மாதிரி! தட்டு முழுக்க மயில்கழுத்துப் பச்சை. மூன்று தாய்மாரின் கட்டுத்துணியில் இருந்த அதே பச்சை. சூடோமோனாஸ், சீழைப் பச்சையாக்கும் கிருமி. பதினோரு வருடங்களாகக் கரும்பலகையில் மட்டும் வரைந்து காட்டியவனை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். கிருமியைக் கொல்லும் தண்ணீருக்குள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறான்! நான் துள்ளினேன். இருபத்திரண்டு பேரும் துள்ளினார்கள். திதியும் குதிகாலைக் கொஞ்சம் தூக்கினார், மறுக்கட்டும் பார்ப்போம்.

"பாட்டில்டீ! கையில்ல, பாட்டில்!" என்று கத்தினேன்.

உடனே வார்டுக்கு ஓடி பாட்டிலை மாற்றினோம், டாக்டர் மருந்தை மாற்றினார். மூன்று பேரும் தேறிவிட்டார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு அழகு.

4

முடியவில்லை. திதி சுவரில் இருந்த முறைப்பட்டியலைப் படித்தார்.

"பாட்டில் நிரப்புறதும் பாருல்தான். கழுவாம, மிச்சத்து மேலயே ஊத்துனியா?"

"ஆமா திதி."

"தினமுமா?"

"தினமும்."

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

பாருல் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நானாத்தான், திதி."

(முதல் வரைவில் இந்த இடத்தில் பாருலைச் சந்தேகித்தேன். இவ்வளவு நல்லவளாக ஒரு பெண் இருப்பாளா? வாடையே இல்லாத மீனை நான் வாங்குவதில்லை. அப்புறம்தான் புரிந்தது, வாடை வந்தது அவளிடமிருந்து அல்ல.)

என் அப்பா கடையில் எண்ணெய்த் தகரம் ஒருநாளும் காலியானதில்லை. இரண்டு விரல் மிச்சம் இருக்கும்போதே மேலே ஊற்றிவிடுவார். அடி தெரிந்தால் பரக்கத், அதாவது கடையில் இறைவன் தரும் செழிப்பு, போய்விடுமாம். சென்ற ஆண்டு இவர்களுடைய முதல் வகுப்பில், நுண்ணுயிரியல் ஆசிரியையான நான், சிரித்துக்கொண்டே சொன்னேன்: "பாட்டில் காலியாகவே கூடாது. ரெண்டு விரல் இருக்கும்போதே ஊத்திடுங்க, பரக்கத் போயிடும்." இருபத்திரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். பாருல் ஒருத்திதான் மறக்கவில்லை.

5

முடிவுகள் என்னிடம் இரண்டு உண்டு.

அ) முதல்வர் மனமிரங்கிப் பாருலை மன்னிக்கிறார். (செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! எங்கள் மண்டியில் இதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.)

ஆ) நான் ஒரு வரி எழுதுகிறேன். பாருல் பரீட்சை எழுதுகிறாள். பதினோரு வருட ஆசிரியை வகுப்பறைக்கு வெளியே

மணி மூன்று நாற்பது. கதவருகே பாருல். கையில் அந்தப் பாட்டில், வெந்நீரில் கொதிக்கவைத்து, கவிழ்த்துக் காயவைத்தது.

"முழுசாக் காலி பண்ணிட்டேன் ஆபா. பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு."

"எனக்கும்தாண்டி."

"கடிதம் முடிஞ்சுதா?"

"ஒரு கோடு மட்டும் பாக்கி."

மேசைமேல் இருக்கிறது. கடைசி வரி இது: 'பாட்டிலைக் காலியாக விடாதே என்று பாருலுக்குச் சொன்னவர் பெயர்: __________'

இந்தக் கதையில் என் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. திதிதான் கோபத்தில் ஒரே ஒரு தடவை சொன்னார். எழுதிய பிறகு அதை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. இரண்டாம் பகுதியில் அப்படியே இருக்கிறது.

பேனாவை மூடாமல் வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு இன்னும் பதினெட்டு நிமிடம். நீங்களே எழுதிவிடுங்களேன்.