எண்ணெய் பிரேக்கும் என் வலது காலும்

என் வலது காலைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே? தில்லைநாயகம் பிள்ளையின் காரை ஊரே பார்க்க நிறுத்தியது இந்தக் கால்தான்.

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். பிள்ளையின் அப்பா வாங்கிய கார் மாட்டுத் தொழுவத்தில் கிடந்தது. மகள் கல்யாண ஊர்வலத்துக்கு அதையே ஓட்ட வேண்டுமென்று பிள்ளைக்கு ஆசை. என் வீட்டுக்காரர் மூக்காண்டி எஞ்சினைப் பிரித்து மாட்டி, வர்ணம் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி ஆக்கிவிட்டார். பிரேக்தான் தகராறு. மிதித்தால் கம்பி இழுக்கும். ஒரு சக்கரம் பிடிக்கும், இன்னொன்று ஓடும், வண்டி வாய்க்காலைப் பார்த்துத் திரும்பும். இவர் மதுரைக்குப் போய், யுத்தம் முடிந்து கழித்துப்போட்ட பட்டாளத்து வண்டியிலிருந்து எண்ணெய் பிரேக்கைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். மிதித்தால் குழாய் வழியாக எண்ணெய் போய் நாலு சக்கரத்தையும் ஒன்றுபோல் பிடிக்க வைக்கும்.

ஊர் சிரித்தது. "எண்ணெய் வழுக்குமா, நிப்பாட்டுமாவே?" என்றார் பிள்ளை. "குளத்துக்கரை இறக்கத்துல நிப்பாட்டிக் காட்டும்வே. நிக்கலன்னா என் புள்ளய இதுல ஏத்த மாட்டேன்."

அவரே ஏற்றாவிட்டால் வேறு எவன் எங்கள் மெக்கானிக் செட்டில் வண்டியை விடுவான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழாயில் காற்று தங்கினால் இந்த பிரேக் பிடிக்காது. ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்து நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். மிதிக்க ஆள்? நான்தான். சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"மிதி... பிடிச்சுக்க... விடு." மத்தியானம் முழுக்க இதே பாட்டு.

"போதும் ஏட்டி, சரியாயிட்டு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"ஆகல. இன்னும் மெத்துமெத்துன்னு இருக்கு."

"எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? மிதிக்கது நீங்களா, நானா? நட்டைத் திறங்க!"

முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். எண்ணெயோடு குபுகுபுவென்று குமிழி வந்தது. அதன்பிறகு மிதித்தால் காலுக்கடியில் கல் மாதிரி நின்றது. மனுஷர் எண்ணெய் வழியும் முகத்தோடு வெளியே வந்தார். நான் நன்றாகச் சிரித்தேன்.

மறுநாள் காலை குளத்துக்கரையில் தேரோட்டத்துக்குக் கூடுவது மாதிரி கூட்டம். பிள்ளையின் மனைவி காந்திமதியம்மாள், வண்டி நசுக்கிப் போவதற்காக இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி, இறக்கத்தின் பாதியில், முன்சக்கரங்கள் வரும் தடத்தில் வைத்தார். நசுக்கத்தான் வைக்கிறார் என்று எல்லாரும் நினைத்தோம்.

இவர் ஓட்ட, வண்டி மேலிருந்து வேகமாக வந்தது. கிறீச்! பழத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிட்டது. நேராக, கொஞ்சமும் இழுக்காமல். கூட்டம் விசிலடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயையோ, பழம் நசுங்கலையே!" என்று அலறினார் காந்திமதியம்மாள். "கல்யாணத்துக்குப் போற வண்டி. அபசகுனமா மறிச்சுல்லா நிக்கு! இதுல என் மக ஏற மாட்டா."

பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப்போய் என் வீட்டுக்காரர் சடங்கை மறந்துவிட்டார், பாவி மனுஷர். பின்சக்கரங்களுக்கு முன்னால் கல்லைப் போடச் சொல்லிவிட்டு இறங்கியவர், கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"அம்மா, இந்த பிரேக் சரியாயிருக்கான்னு பாத்துச் சொன்ன காலு அவ காலு. பழத்தையும் அவளே நசுக்கட்டும். ஏட்டி பேச்சித்தாய், ஏறு!"

இத்தனை பேர் முன்னாலா? ஏறினேன். ஸ்டியரிங்கை வெளியிலிருந்து அவர் பிடித்துக்கொண்டார். நான் பிரேக்கை மிதித்ததும் கல்லை எடுத்தார்கள். அந்த இறக்கத்தில் அவ்வளவு பெரிய வண்டி என் ஒற்றைக் காலில் நின்றது.

"விடு."

விட்டேன். வண்டி தானாக உருண்டது. இரண்டு பழமும் பச்சக்கென்று நசுங்கின. காந்திமதியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மிதி!"

மிதித்தேன். நின்றது.

"என் புள்ள இதுலதான் போவா" என்றார் பிள்ளை, எல்லாருக்கும் கேட்கும்படி.

"சரி, இறங்கு ஏட்டி" என்றார் இவர்.

நான் காலை எடுக்கவே இல்லை. "வண்டியை மறுபடி மேல ஏத்துங்க, இன்னொரு தடவை நிப்பாட்டுதேன்" என்றேன்.