பேசினால் ஒரு சாண்

எங்கள் பலகை விளையாட்டுக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. சோதனை ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தை உருவாக்கியவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஒரு சாண் குறைந்துவிடுவான்.

காலையில் நான் எட்டுச் சாண் இருந்தேன். பதினொரு மணிக்கு ஐந்து.

ஆட்டத்தின் பெயர் கல்குவாரி. குழியிலிருந்து லாரியில் கல்லை மேலே கொண்டுவர வேண்டும். லாரி தீப்பெட்டி அளவு. நாலு மணிக்கு அச்சகத்து வேன் வரும். அதற்குள் ஆட்டம் ஒருமுறையாவது முடிய வேண்டும். முடியாத ஆட்டத்தை அச்சகம் தொடாது. வேறு ஆட்டம் எங்களிடம் இல்லை.

ஆடியவர்கள் இரண்டு பேர். ரோஸ்லின் டீச்சர், பாத்திரக்கடை கோட்டைச்சாமி. டீச்சரின் லாரி லோடோடு ஏறியது. கோட்டைச்சாமியுடையது காலியாக இறங்கியது. நடுச்சரிவில் முட்டிக்கொண்டு நின்றன.

“பின்னால போங்க டீச்சர்.”

“விதிப் புக்குல போட்டிருக்கா?”

“இல்லையே.”

“அப்ப நான் ஏன் போகணும்?”

நான் ஜல்லி உடைத்து வளர்ந்தவன். ஏறுகிற லோடுக்கு இறங்குகிற காலி வண்டி வழி விட வேண்டும். அதை நான் எழுதவில்லை. மூச்சு விடு என்று எவனாவது எழுதி வைப்பானா?

“காலி வண்டிதான் பின்னால போகணும்,” என்றேன். நான்கு சாண்.

“வாய்ப்பேச்சு செல்லாது,” என்றார் டீச்சர்.

கம்பெனியில் என் கூட்டாளி செண்பகவல்லியைப் பார்த்தேன். “புக்குல ஒரு வரி சேத்துரு தாயி.” மூன்று.

“ஆட்டம் முடிஞ்சாத்தான் திருத்தம் போடலாம், அண்ணாச்சி.”

“திருத்தம் போட்டாத்தானே முடியும்!” இரண்டு.

“கோவப்படாதீக. ஆளே மிஞ்ச மாட்டீக.”

பலகையில் ஹாரன் கேட்டது. நாங்கள் செய்யாத லாரிகள் பின்னால் வரிசை கட்டி நின்றன. சாலையோரம் ஒரு டீக்கடை முளைத்தது. கோட்டைச்சாமி விரல் நுனியில் ஒரு டீ வாங்கிக் குடித்தார். சீனி தூக்கல் என்றார்.

“யோவ், வண்டிய எடுய்யா!” என்றேன்.

ஒரு சாண்.

இனிப் பேச வழியில்லை. நாற்காலிக் கால் வழியாக மேசைமேல் ஏறினேன். சரிவு நீண்டது. லாரியை அடைய அரைமணி நேரம் பிடித்தது. பக்கத்தில் போனபோது லாரி நிஜ லாரியாகத்தான் இருந்தது. காலி வண்டியின் மூக்கில் தோளைக் கொடுத்து, மேலே வரைக்கும் பின்னால் தள்ளினேன். டீச்சர் ஏறி வந்து ஜெயித்தார். மணி மூன்றே முக்கால்.

“அட, இதானா!” என்றார் கோட்டைச்சாமி. “மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல.”

செண்பகவல்லி உடனே புத்தகத்தை எடுத்துத் திருத்தினாள். பெட்டியில் உள்ள பொருட்கள் என்ற பட்டியலின் கடைசியில் எழுதினாள்: வண்டி தள்ளும் ஆள், 1.

ஆள் வேண்டாம், ஒரு வரி போதும். சொல்லியிருப்பேன். இருந்தது ஒரு சாண்.

வேன்காரர் பட்டியலைப் படித்தார். “ஆயிரம் பெட்டிக்கு ஆயிரம் ஆளா?”

“ஆமா.”

“அச்சு எடுக்க மாதிரி வேணுமே.”

அவள் என்னைத் தூக்கிக் கொடுத்தாள். “அலுங்காமக் கொண்டுபோங்க. இடுப்புப் பிடிப்பு உள்ளவரு.”

வேனின் பின்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு சாண். கையில் துடுப்பு. ஏதோ படகு ஆட்டம் போலிருக்கிறது.

அவர் பேசவில்லை. நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.