செவ்வாய்க்கிழமை வந்த இளைப்பு

செவ்வாய்க்கிழமை சந்தை கிடையாது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வடுகபட்டியில் பூண்டுச் சந்தை கூடுவது வியாழனும் ஞாயிறும். அந்த இரண்டு நாளும் இரவு ஏழரை மணிக்கு மேல் எனக்கு இளைப்பு வரும். நெஞ்சைச் சுற்றிக் கயிறு இறுகுவது போலத் தொடங்கும். அப்புறம் மூச்சை விடும்போதெல்லாம் உள்ளே விசில் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே பூண்டு மண்டி. என் கணவர் சுந்தர்ராஜும் அவருடைய கூட்டாளி சங்கரலிங்கமும் நடத்துவது. மலையிலிருந்து மூட்டை இறங்கும் நாளில் தெருவே பூண்டுத்தோலாகப் பறக்கும். அதனால் பூண்டுத் தூசிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னபோது மறுத்துப் பேச ஒன்றுமில்லை.

என் கணவர் அதைக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வருகிற ஞாயிறு சந்தை முடிந்ததும் மண்டிச் சாவியைச் சங்கரலிங்கத்திடம் கொடுத்துவிட்டு அல்லிநகரத்துக்குக் குடிபோய்விடுவது. ஒரு பல்லை நகத்தால் கீறி மோந்து பார்த்தே எந்த மலைச்சரிவில் விளைந்த பூண்டு என்று சொல்லிவிடும் மனிதர் அவர். "சாவிதான, போனாப் போகுது" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, இரண்டு நாளாகத் தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே இருந்தது.

அந்த வாரம்தான் செவ்வாய்க்கிழமையும் இளைப்பு வந்தது. மூட்டை இறங்கவில்லை. மண்டி பூட்டிக் கிடந்தது. ஒரு பூண்டுத்தோல்கூடக் கண்ணில் படவில்லை.

நான் பெரியகுளத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறேன். ஒரு விஷயம் எதிர்பாராமல் நடந்தால், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியது என்று முதலில் கேளுங்கள் என்பது நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. நோட்டை எடுத்து அதையே எனக்கும் கேட்டுக்கொண்டேன். போன செவ்வாய் என்ன சாப்பிட்டேன், இந்தச் செவ்வாய் என்ன சாப்பிட்டேன், எப்போது குளித்தேன், எங்கே உட்கார்ந்தேன் என்று எழுதிக்கொண்டே வந்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. கடைசி வரியில் கை நின்றது. இந்தச் செவ்வாய் கரண்ட் போனது. அரிக்கேன் விளக்கின் சிம்னி உடைந்து கிடந்ததால் அவர் மெழுகுவர்த்தி ஏற்றினார். ரோஜா மெழுகுவர்த்தி.

அந்த மெழுகுவர்த்தியைச் செய்வது அவருடைய அக்கா ஞானபாக்கியம். தேனியில் சர்ச் விற்பனைக்கென்று செய்வார்கள். தம்பி வீட்டுக்கு மாதம் ஒரு டஜன் தவறாமல் வரும். கல்யாணமான புதிதில், "வீடு பூரா பூண்டு வாடை அடிக்குதுங்க" என்று என் கணவரிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தை நாளும் அவர் வந்ததும் மண்டி வாடை வராமலிருக்க இரண்டு ஜன்னலையும் சாத்துவார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், குளித்துவிட்டு வந்து எனக்காக ரோஜா வாசனையை ஏற்றி வைப்பார்.

ஆக, பூண்டு வந்த நாளெல்லாம் மெழுகுவர்த்தியும் வந்திருக்கிறது. எப்போதும் சேர்ந்தே வருகிற இரண்டு பேரில் எவர் குற்றவாளி என்று எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமைதான் ஒருவர் தனியாக வந்து மாட்டிக்கொண்டார்.

புதன்கிழமை பின்வாசல் காற்றில் இரண்டு பீங்கான் தட்டுகளோடு உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தியில் எரிவது திரி என்று நினைக்கிறோம். உண்மையில் மெழுகு உருகித் திரி வழியாக மேலே ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. அது முழுசாக எரிய நிறையக் காற்று வேண்டும். திரி நீளமாக இருந்தாலோ, சுடர் ஆடினாலோ, மெழுகில் வேறு எதையாவது கலந்திருந்தாலோ பாதிதான் எரியும். மீதி கரியாகப் பறக்கும். சாதா மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே ஒரு தட்டைப் பிடித்தேன். லேசான சாம்பல் நிழல். ரோஜாவுக்கு மேலே மற்றதைப் பிடித்து அதே நேரம் எண்ணினேன். தட்டு அடுப்புச்சட்டி மாதிரி ஆகிவிட்டது.

"ஏ ஜெபராணி, அது கல்யாணச் சீரு" என்றார் அவர், வாசலில் நின்று.

நான் அலமாரிக்கு மேலே சுவரைக் காட்டினேன். வெள்ளையடித்த இடத்தில் கருப்பாக ஒரு நாக்கு நீண்டிருந்தது. அவர் அதைத் தொட்டு விரலைப் பார்த்தார். நான் சொன்ன கணக்கை முழுசாகக் கேட்டுவிட்டு, "பூண்டும் இருக்கலாம்ல" என்றார் மெதுவாக. நியாயமான கேள்வி. மெழுகுவர்த்தி குற்றவாளி என்பதால் பூண்டு நிரபராதி ஆகிவிடாது.

அதனால் வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மண்டிக்குள் போய், தோல் நீக்கும் இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மூட்டை தூக்கும் அய்யாத்துரை பதறிப்போனார்.

"இங்கன எதுக்கு டீச்சர் வந்தீக? அண்ணாச்சி பாத்தாகன்னா என்னையத்தான் வைவாக."

தன்னைப் பார்க்கச் சொன்னார். முப்பது வருஷமாக இந்தத் தூசிக்குள் கிடக்கிறாராம், ஒரு தும்மல்கூடக் கிடையாதாம். அவருடைய நெஞ்சு வேறு, என் நெஞ்சு வேறு, அது சாட்சி ஆகாது என்றேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தலையெல்லாம் பூண்டுத்தோல். மூச்சு மட்டும் தெளிவாக இருந்தது. அன்று சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. ஏழரை ஆனது, எட்டு ஆனது, ஒன்பதும் ஆனது. விசில் இல்லை.

"அப்ப வருசம் பூரா நாந்தான் உனக்கு இழுத்துவிட்டுருக்கேனா?" என்று கேட்டார் அவர்.

"என் மூக்குக்காகத்தான செஞ்சீக. நெஞ்சைக் கேக்க மறந்துட்டோம்."

ஆனால் வீடு பூண்டு நாற்றத்தில் நின்றது. இந்த வாடையிலேயே என்னை வைத்திருக்க அவருக்கு மனசில்லை. சாவியை எடுத்துத் துணியால் துடைத்து வைத்தார். அதைப் பார்த்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று தெரிந்தது. சாம்பிராணி, ஊதுபத்தி என்று யோசித்தால் அவையும் புகைதான். நெருப்பில்லாத வாசனை வேண்டும். அதற்கும் முன்னால், இந்த வாடை எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு ஜன்னலையும் திறந்து, நடுக்கூடத்தில் நின்று ஒரு பூண்டுத்தோலைக் கையிலிருந்து விட்டேன். அது கீழே விழவில்லை. நேராகக் கிழக்கு ஜன்னல் வழியாகப் பறந்து மண்டிப் பக்கம் போய்விட்டது. இன்னொன்றை விட்டேன். அதுவும் அப்படியே. நான் சின்னப்பிள்ளை மாதிரி ஒரு கை நிறைய விட்டேன். ஆனி மாதக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. மண்டி கிழக்கே இருக்கிறது. இந்தக் காற்றில் மண்டி வாடை வீட்டுக்குள் வரவே வழியில்லை! அது அவருடைய சட்டையில் ஏறி உள்ளே வந்து, ஜன்னலைச் சாத்தியதால் வெளியே போக முடியாமல் தங்கியிருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் வாங்கினேன். மூங்கில் சட்டத்தில் பரத்திக் கட்டி, தண்ணீர் தெளித்து மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டேன். காற்று ஈர வேருக்குள் நுழைந்து வரும்போது தண்ணீர் ஆவியாகிறது. அந்த ஆவியோடு வேரின் வாசனையும் கூடவே வருகிறது. ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொள்வதால் கூடம் குளிர்ந்தும் போகிறது. எரிவது எதுவுமில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். என் நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஞானபாக்கியம் புது டஜனோடு வந்தார்கள். மறைக்காமல் இரண்டு தட்டுகளையும் எடுத்து வந்து காட்டினேன்.

"அப்ப ஊருக்கே நான் விஷம் வித்துருக்கேங்கிற?"

"இல்ல மதினி. என் நெஞ்சுக்கு ஆகலைங்கிறேன். மெழுகுல ஊத்துறீகளே, அந்த வாசனைப் புட்டியில என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

கருப்புத் தட்டை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "அதை ஊத்தும்போது எனக்கும் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். பசின்னு நெனச்சுக்குவேன்" என்றார்கள்.

"உனக்குப் பசிச்சா எங்களுக்குல்ல தலை வலிக்கும்" என்றார் தம்பி.

தம்பி முதுகில் ஒன்று வைத்தார்கள். அடுத்த தடவை வாசனை ஊற்றாமல், திரியைக் கட்டையாக வெட்டிச் செய்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு டஜனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சந்தை பெரிய சந்தை. வருஷத்திலேயே அதிக மூட்டை. பொழுது சாய்ந்ததும் சங்கரலிங்கம் சாவிக்கு வந்து வாசலில் நின்றார். ஒன்பது மணி வரைக்கும் இருந்து போங்கள் என்று உட்காரவைத்துச் சோறு போட்டேன். போகாமல் இருந்த மதினியும் சேர்த்து மூன்று பேரும் பேச்சை நிறுத்தி நிறுத்தி என் மூச்சைக் கேட்டார்கள். ஒன்பதரைக்குச் சங்கரலிங்கம் கையைக் கழுவிக்கொண்டு, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், எனக்கு இருக்குற சாவியே தொலையுது" என்று எழுந்து போனார்.

இப்போது சந்தை நாளில் நாங்கள் செய்வது இவ்வளவுதான். பூண்டுச் சட்டையை வாசலுக்கு வெளியே கொடியில் போடுகிறோம். இரண்டு ஜன்னலையும் திறந்து வைக்கிறோம். மேற்கு ஜன்னலில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி தொங்குகிறது. பூசணம் பிடிக்காமல் இருக்க அதை மறுநாள் வெயிலில் காயப்போடுகிறோம். கரண்ட் போனால் சிம்னி மாற்றிய அரிக்கேன் விளக்கை ஜன்னலோரம் வைக்கிறோம். வாசனைக்காக எதையும் எரிப்பதில்லை. இளைப்பு வரவில்லை.